பிள்ளையார் சுழி போட்ட பொய்

என்னை யோக்கியன் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடலாம்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருப்பவர் ராகவன் சார். திருச்சி கோர்ட்டில் ஆவணங்களுக்குப் பொறுப்பான சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வருவார். இருவரும் டிவியில் ஒரு விண்வெளிப் போர்த் தொடர் பார்ப்போம். ஒருநாள் அதில் வரும் தளபதி, பக்கத்துக் கிரகத்தைத் தன் பக்கம் இழுக்கப் பொய் ஆவணம் தயாரித்து, போரிலும் ஜெயித்துவிட்டார். நான் கைதட்டினேன்.

“கோடி உசிரு பிழைச்சுதே சார்!”

“பிழைக்கட்டுங்க. அதுக்காகப் பொய் ஆவணம் நிஜம் ஆயிடுமா? அந்த ஆளு மேல கேஸ் போடணும்.”

(மனுஷர் விட்டால் வேற்றுக்கிரகத்துக்கும் சம்மன் அனுப்பிவிடுவார்.)

அந்த வாரமே எங்கள் தெருச் சாக்கடை பொங்கி வாசல் வரை வந்தது. வழக்கம்போல ராகவன் சார் எழுத, தெருவே கையெழுத்திட்டு மாநகராட்சியில் மனு கொடுத்தோம். பக்கத்துத் தெரு முடிந்த பிறகுதான் உங்கள் தெரு என்றார்கள். உடனே எனக்குள் ஒரு தளபதி எழுந்து உட்கார்ந்தார். கோர்ட்டில் இருந்தவர் பெயருக்கு மதிப்பு அதிகம் அல்லவா? ராகவன் சார் பெயரில், ‘எங்கள் குடியிருப்பில் இருவருக்கு டெங்கு, போர்க்கால அடிப்படையில் ஆவன செய்யவும்’ என்று எழுதி, அவர் கையெழுத்தையும் நானே போட்டேன்.

மூன்றே நாளில் சாக்கடை சுத்தம். நான்காம் நாள், டெங்கு நோயாளிகளைப் பார்க்க அதிகாரியே மனுவோடு ராகவன் சார் வாசலில் வந்து நின்றார்; சத்தம் கேட்டு நானும் வெளியே வந்தேன்.

“சார், உங்க மனுவுல எப்பவும் மேல ‘ஸ்ரீ:’ன்னுதான இருக்கும்? இதுல பிள்ளையார் சுழி இருக்கே! நீங்க எழுதினதுதானா?”

(பழக்கதோஷம். பிள்ளையாரையே கள்ளக் கையெழுத்துக்குத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறேன்!)

ராகவன் சார் மனுவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போலீஸ், கேஸ், என் வேலை எல்லாம் கண்முன்னே வந்து போயின.

“நான் எழுதினதுதாங்க. டெங்குன்னு தப்பாக் கேள்விப்பட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க.”

அதிகாரி அவரை நன்றாகக் கடிந்துகொண்டு போனார். நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் இன்றுவரை என்னை அறுக்கிறது.

“உங்க குடும்பத்துக்காகச் சொன்னேன். ஆனா நான் செஞ்சதும் தப்புதாங்க,” என்றவர் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் மேலும் ஒரு மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள்.

நடந்ததை வீட்டில் சொல்லிவிட்டேன். இப்போதும் கூரியர் வந்தால் என் பெண் விடமாட்டாள். “அப்பா, இன்னிக்கு யார் கையெழுத்துப் போடப்போறீங்க?” வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், எதிர் ஃபிளாட்டுக்குக் கேட்காதபடி.