முடிவுகள் எதுவும் இல்லை

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. எதையுமே கண்டுபிடிக்காமல் இருக்கும் கலையை மட்டும் நூலகத்தின் இணையப் பட்டியல் வந்த பிறகுதான் கண்டுபிடித்தது.

அந்தக் கலையில் நம் ஆய்வு மாணவர் அன்று காலைவரை கைநாட்டு. மாலையில் கூடும் ஆய்வுக் குழுக் கூட்டத்துக்குள், தன் தலைப்பில் இதுவரை யாரும் எழுதியதில்லை என்று பட்டியலைத் தேடி நிரூபித்தாக வேண்டும். தவறினால் ஆய்வு மாணவர் இடம் போச்சு. மாமனாரின் மெத்தைக்கடையில் பஞ்சு அடைக்க உட்கார வேண்டியதுதான்.

தலைப்பு: 'குடையை மறந்துவிட்டு வருதல்: ஓர் ஆழ்நோக்கு.'

தேடல் பெட்டியில் 'குடை' என்று தட்டினார். பட்டியல் வாரிக் கொட்டியது. பக்கத்தில் நின்ற அவருடைய ஆய்வு நெறியாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா இப்படித் தேடுறே? இவ்வளவு புத்தகம் கிடைச்சா உன் ஆய்வு என்னத்துக்கு ஆகும்?"

"கிடைச்சா நல்லதுதானே சார்?"

"படிக்கிறவனுக்கு நல்லது. நீ ஆராய்ச்சி பண்றவன். சொல்லைச் சேர்த்து, சுருக்கு!"

'மறதி' சேர்த்தார். 'பேருந்து' சேர்த்தார். 'கறுப்பு', 'நீளக் காம்பு', 'செவ்வாய்க்கிழமை'. சோதனைக்குப் பயந்தவர்களைப் போலப் புத்தகங்கள் பின்வாசல் வழியே நழுவின. ஒன்றே ஒன்று மட்டும் சட்டமாக உட்கார்ந்திருந்தது: 'செவ்வாய்க்கிழமைப் பேருந்தில் நீளக் காம்புக் கறுப்புக் குடையை மறத்தல்.' எழுதியவர், சாட்சாத் நெறியாளர்!

"சார், உங்க புத்தகம்!" மாணவர் பூரித்துப்போனார்.

நெறியாளருக்கு வியர்த்துவிட்டது. "இதை எவன்யா பட்டியல்ல ஏத்தினான்? இரு, இரு. 'அலமாரியில் இருப்பவை மட்டும்'னு ஒரு கட்டம் இருக்கும் பாரு. அதுல டிக் பண்ணு."

"எதுக்கு சார்?"

"நூலகத்துப் பிரதி என் வீட்டுலதான் இருக்கு. கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்திருக்கேன்."

டிக். 'முடிவுகள் எதுவும் இல்லை.' இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். வாசிப்புக் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த அறிஞர்கள் விழித்துக் கண்டித்துவிட்டு மீண்டும் தூங்கினார்கள்.

மாலை, குழுத் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"நல்லாத் தேடினீங்களா?"

"சல்லடை போட்டுச் சலிச்சேன் சார்."

"என்ன கிடைச்சுது?"

"ஒண்ணுமே இல்லை சார்!"

"ஒண்ணுமே இல்லையா!" தலைவரின் குரல் தழுதழுத்தது. "எங்க காலத்துல எவ்வளவு தேடினாலும் ஒண்ணு ரெண்டு கிடைச்சுத் தொலைக்கும்."

பலத்த கைதட்டலுக்கிடையே 'முன்னோடி ஆய்வு' ஒப்புதல் பெற்றது. மெத்தைத் தொழில் ஓர் அறிஞரை இழந்தது.

வெளியே வந்ததும் மாணவருக்கு ஒரு சந்தேகம். "சார், நாளைக்கு என் ஆய்வும் புத்தகமா வருமே. பட்டியல்ல எதுக்குக் கீழே சேர்க்கச் சொல்றது? குடையா, மறதியா?"

நெறியாளர் அவர் தோளில் பாசத்தோடு கைபோட்டார்.

"'நீர்ப்பாசனம்'னு சேர்க்கச் சொல்லு. உனக்குப் பின்னால வர்றவனும் முன்னோடியா இருக்க வேண்டாமா? எனக்கு முன்னால இதை எழுதின மகராசன் 'கால்நடை வளர்ப்பு'ல ஒளிச்சு வெச்சிருந்தார். இல்லேன்னா நான் எதைப் பார்த்து எழுதியிருப்பேன்?"