துப்பு மாஸ்டருக்கு என்ன முறை?

கொல்லிமலையில் பேருந்தை விட்டிறங்கும் எவரும் துப்பு மாஸ்டரிடமிருந்து தம் உறவையோ உத்தியோகத்தையோ மறைத்துவிட முடியாது. திண்ணனூர் நாட்டு நிறுத்தத்தில் அவருடைய தேநீர்க் கடை. எதிரே வேளாண் அலுவலகத்தில் நான் அப்போது எழுத்தர். வளைவுகளில் சுழன்று வந்தவர்களுக்குத் தலை தெளியுமுன்னரே அவர் தீர்ப்பு வெளியாகிவிடும். அவருக்கு உறவு யார் என்பதுதான் எவருக்கும் தெரியாது.

“அந்தம்மா பையத் தூக்கிக்கிட்டு முன்னால போகுது. பின்னால வாரவரு குடையத் தனக்கு மட்டும் புடிச்சுக்கறாரு. புருசன் பொண்டாட்டிங்க. கூடப் பொறந்தவனா இருந்தா பைய வாங்கியிருப்பான். சரிங்களா, தப்புங்களா?”

பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இறங்கியதும் தம் குடும்பத்தைத் தலை எண்ணிய ஒருவரை வாத்தியார் என்றார், வாத்தியாரேதான். மின்கம்பம் ஏறுபவர் என்று அவர் துணிந்துரைத்த ஒருவர், தாம் கோயில் பூசாரி என்று மறுத்தார். மாஸ்டர் அசையவில்லை.

“அப்ப அவரு வேலைய மாத்திக்கறது நல்லதுங்க.”

மாற்றலாகி நான் சமவெளிக்கு வந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் பேருந்திலிருந்து யார் இறங்கினாலும், பையை யார் சுமக்கிறார் என்றே என் கண் தேடுகிறது.

அந்நாளில் மலையில் வேலை என்றதும் எனக்குப் பெண் கொடுக்கத் தயங்கியவர்கள் பலர். கடைசியில் அடிவாரத்து வீடொன்று கைப்பேசியில் படம் பார்த்து இசைந்தது. எனக்கும் பெண்ணைப் பிடித்துவிட்டது. இதுவும் கைநழுவுமோ என்று உறக்கம் கெட்டுக் கிடந்தேன். சொல்லாமல் வந்து மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவ்வாறே பெண்ணின் பெற்றோர் ஒருநாள் மாஸ்டர் கடையில் வந்தமர்ந்தனர்.

தந்தையின் கையில் தோல்பை. வேலை நிரந்தரமா, ஆள் ஒழுங்காக வருகிறாரா என்று அவர் கேட்க, தாய் பேசாமல் கவனித்திருந்தார். என்னைக் கீழே மாற்ற வந்த மேலதிகாரிகள் என்று மாஸ்டர் முடிவுகட்டினார்.

“அவரு மலைய உட்டு எறங்க மாட்டாருங்க. அரியூர் நாட்டுல பொண்ணு பாத்தாச்சு. தை மாசம் கண்ணாலமுங்க.”

தந்தை குவளையை வைத்துவிட்டு எழுந்தார். அலுவலகச் சன்னல் வழியே, கைப்பேசிப் படத்தில் பார்த்திருந்த அவர்களை அடையாளம் கண்டு நான் ஓடினேன்.

“கவலப்படாதீங்க சாமி, மாத்தல நிறுத்திப் போட்டேன்.”

“மாஸ்டர், இவங்க பொண்ணு ஊட்டுக்காரங்க.”

தேநீர் ஆற்றிய கை அந்தரத்தில் நின்றது.

பெண்ணின் தாய் முதன்முறையாக வாய் திறந்தார். “எங்கள யாருன்னு நெனச்சீங்க?”

“ஆபீசருங்கன்னுங்க. கேள்வி கேக்கறவரு கிளார்க்கு, பேசாம இருக்கற நீங்கதான் பெரிய ஆபீசருன்னு...”

அம்மையார் கணவரை ஏறிட்டுப் பார்த்தார். “உக்காருங்க. சரியாத்தான் கண்டுபுடிச்சிருக்காரு.” பிறகு மாஸ்டரிடம் கேட்டார்: “அவரு மாத்தலாகிப் போயிருவாருன்னு பயந்துதான் இத்தன பொய்யா?”

“ஆமாங்க. நான் சொல்றதச் சரி, தப்புன்னு சொல்ல வேற ஆளில்லீங்க.”

தையிலேயே திருமணம் நடந்தது; மணப்பெண்தான் வேறு. மாஸ்டர் சொன்ன அரியூர்க்காரி அல்லள், அடிவாரத்தாள். பந்தி வாசலில் ஒதுங்கி நின்ற மாஸ்டரைக் காட்டி, “இவரு உங்களுக்கு என்ன மொறைங்க?” என்றார் மாமனார். மலைக்கெல்லாம் முறை சொன்னவர் தலை குனிந்தார்.

“எங்கண்ணனுங்க,” என்றேன். அவர் பக்கம் திரும்பினேன். “சரிங்களா, தப்புங்களா?”

மாஸ்டர் என் கையிலிருந்த தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டார்.