மகளைத் தூக்க ஆள் தேவை

சோலோ,
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய ஹர்ஜோனோ அண்ணா அவர்களுக்கு,

தம்பி வாகியோ தலை வணங்கி (தலை மட்டும்தான், இடுப்பு இப்போது வணங்குவதில்லை) எழுதிக்கொள்வது. தாங்களும் அண்ணியும் நலந்தானே? என் உடம்பில் தற்சமயம் நலமாக இருப்பவை காதுகள் இரண்டும்தான்.

வரும் சனிக்கிழமை நம் பெண் ரெத்னோவுக்குக் கல்யாணத்துக்கு முந்தைய மணநீராட்டு. ஏழு ஊற்றுத் தண்ணீரும் ஊற்றிக் குடத்தை உடைத்ததும், பெற்றவன்தான் மகளைக் கையில் ஏந்தி அறை வரைக்கும் கொண்டுபோக வேண்டும், அதுதான் கடைசியாகத் தூக்குவது என்பதெல்லாம் உங்கள் இரண்டு மகள்களையும் தூக்கிய உங்களுக்குத் தெரியாததா? பந்தலிலிருந்து பதினோரு எட்டு, அளந்துவிட்டேன். அவள் அறுபத்திரண்டு கிலோ; எடையைக் கேட்ட குற்றத்துக்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சரி, பழகிக்கொள்வோம் என்று ஞாயிற்றுக்கிழமை ஓர் அரிசி மூட்டையைத் தூக்கினேன், தூக்கிவிட்டோமே என்ற கொழுப்பில் இன்னொன்றையும் அதன்மேல் வைத்தேன், தையல் பிரிந்து தெருக்கோழிகளுக்கெல்லாம் விருந்து. என் வீட்டுக்காரி லாஸ்த்ரி ஓடிவந்து, "அரிசிய ஏங்க பாழாக்குறீங்க? தூக்கணும்னா என்னைத் தூக்கிப் பாருங்க" என்றாள். ரோஷத்தோடு குந்தினேன். அவ்வளவுதான். எழவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஒரு கோழி என்னைத் தன் சொந்தக்காரன் என்றெண்ணிப் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டது.

சுளுக்கெடுக்கும் காஸ்தியை அழைத்து வந்தார்கள். தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறான்.

"அண்ணே, சதைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. முன்தொடை இழுத்தா கால் நீளும், பின்தொடை இழுத்தா மடங்கும். ஒண்ணு இழுக்கறப்ப இன்னொண்ணு விட்டுக்குடுக்கணும். நீங்க பயத்துல ரெண்டையும் இழுத்துப் பிடிச்சிருக்கீங்க. முட்டி பாவம், எந்தப் பக்கம் போகும்?"

"எங்க வீட்டுல இருபத்தேழு வருஷமா இதே கதைதான்" என்றாள் லாஸ்த்ரி. "நான் இழுக்கறப்ப இவரு விட்டதே இல்ல."

"மூச்ச விடுங்கண்ணே."

"விட்டா எப்படிடா தூக்கறது?"

"மொதல்ல நீங்க எந்திரிங்க, அப்புறம் அடுத்தவங்கள தூக்கலாம்."

மூச்சை விட்டேன், எழுந்தேன். முதுகை வளைக்காதே, தொடையால் எழு, சுமையை நெஞ்சோடு அணைத்துக்கொள் என்று பாடம் வேறு நடத்தினான். நேற்று அப்படியே ஒரு தலையணையைத் தூக்கினேன், முழங்காலில் கேட்ட சத்தத்துக்கு அடுப்படியிலிருந்து லாஸ்த்ரி, "தேங்காய் உடைச்சீங்களா?" என்கிறாள். ஊரே கூடியிருக்க மகளைக் கீழே போட்டவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் அண்ணா. பெரியப்பா தூக்கினாலும் முறைதான். சனிக்கிழமை எனக்குக் கடுங்காய்ச்சல் வரும். போர்வைகூட எடுத்து வைத்தாயிற்று. நீங்கள் வந்து தூக்கிவிடுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் மூட்டுகள் நூறாண்டு சத்தமில்லாமல் மடங்கி நிமிர ஆண்டவன் அருளட்டும்.

தங்கள் அன்புத் தம்பி,
வாகியோ

பி.கு.: உறையை ஒட்டும் முன் ரெத்னோ படித்துவிட்டாள். "பெரியப்பா தூக்கறதா இருந்தா நான் குளிக்கவே மாட்டேன்" என்று சமையலறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அழுகை. அழுகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? வாரி எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் முழங்கால் ஞாபகமே வந்தது. பதினோரு எட்டு போய், திரும்பி, மறுபடியும் போனேன். "போதும்ப்பா, இறக்குங்க" என்கிறாள். கை நீளமாட்டேன் என்கிறது. லாஸ்த்ரி ஒரு பக்கம், மறுபடியும் அழைத்துவந்த காஸ்தி ஒரு பக்கம் இழுத்துத்தான் பிரித்தார்கள். ஆகவே அண்ணா, சனிக்கிழமை அவசியம் வாருங்கள். தூக்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன். என்னிடமிருந்து அவளை வாங்குவதற்குத்தான் ஆள் வேண்டும்.