ஜாய்சனுக்குக் குடி உண்டா என்ற கேள்விக்கு நான் அனுப்பிய பதினோரு பக்கம்

தூத்துக்குடி,
வியாழன், இரவு 7.40

அன்புள்ள மச்சான் மெல்வினுக்கு,

இஞ்ஞாசி எழுதிக்கொள்வது. நீயும் கப்பலும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே உன் அக்கா விக்டோரியா நலம். என்னோடு மட்டும் பேசுவதில்லை.

இந்த நிமிஷம் வரை உறுதியான செய்தி: உனக்குச் சம்பந்தி ஆகவிருந்த தொபியாஸ், நான் அனுப்பியதைப் படித்துவிட்டார். ஆதாரம்: என் போனில் நான் கண்ணால் பார்த்த இரண்டு நீல டிக், மாலை 6.12. முழுக்கப் படித்தார் என்பது யூகம். பதினோரு பக்கம் என்பது யூகம் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நம் வழக்கம் உனக்குத் தெரியும். கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்து, 'தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்' என்று சாமியார் அறிவிப்பதற்கு முன்னால், பெண்வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி நம்பிக்கையான ஒருவரிடம் கமுக்கமாக விசாரிப்பார்கள். முப்பத்தெட்டு வருஷம் நிருபராக இருந்தவன் பொய் எழுதமாட்டான் என்று தொபியாஸ் என்னைப் பிடித்தார். திங்கட்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரே கேள்வி: "அண்ணாச்சி, ஜாய்சனுக்குக் குடி உண்டா?"

உன் மகன் ஜாய்சன் மார்ச் மாதம் இரண்டு வாரம் வீட்டில் இருந்தானே, லீவு என்று உனக்குச் சொன்னோமே, அது லீவு இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஏறுமுன், குடித்திருக்கிறானா என்று கருவியில் ஊதச் சொன்னதில் மாட்டி, சஸ்பெண்ட். அன்றிலிருந்து தொடவில்லை என்கிறான். அதற்குச் சாட்சி அவன் ஒருவன்தான். இதை எழுதினால் கல்யாணம் நிற்கும். எழுதாவிட்டால் தொபியாஸ் மகள், அந்தப் பிள்ளை விஜிலா ஒன்றும் தெரியாமல் வந்து மாட்டும். மூணு நாளா சோறு இறங்கல மச்சான். "ஊருக்கெல்லாம் எழுதின மனுசனுக்கு ஒரு 'இல்ல' எழுத வரமாட்டேங்கு, பாத்தியளா"ன்னு உன் அக்கா ஏசுதா.

கடைசியில போன்ல இருக்கே செயற்கை நுண்ணறிவு, அதுக்கிட்ட தேதி, இடம் எல்லாத்தையும் செய்தி மாதிரி கொடுத்து, "பையனுக்குக் குடி இல்லைன்னு நயமா ஒரு பதில் எழுது"ன்னேன். முடியாதுன்னுட்டு. "இதில் ஏமாறப்போவது அந்தப் பெண். ஜாய்சனே அவரிடம் சொல்வது நல்லது. எப்படிச் சொல்வது என்று வேண்டுமானால் எழுதித் தருகிறேன்"னு மூணு வரி. எனக்கு ரோசம் வந்துட்டு. "ஏலே, நீ கல்யாணம் முடிச்சிருக்கியா? பொண்டாட்டிட்ட ஏச்சு வாங்கியிருக்கியா?"ன்னு கேட்டேன். "இல்லை, அந்த அனுபவம் எனக்குக் கிடையாது"ன்னு மரியாதையா சொல்லுது. மனுச புத்தி வேற, எந்திர புத்தி வேறன்னு நாலு பக்கம் வாதாடினேன். "மனசாட்சி உள்ள நானே பொய் எழுதச் சொல்லுதேன், அது இல்லாத நீ மாட்டேங்கே, இது என்ன நியாயம்?"னுகூட அடிச்சுட்டேன். அடிச்ச பிறகுதான் அந்த வரி என்னையே குத்துச்சு.

சரி, அந்த மூணு வரியை மட்டும் ஜாய்சனுக்கு அனுப்புவோம்னு அமுக்கினேன். மொத்த வாக்குவாதமும், பதினோரு பக்கமும் போயிட்டு, அதுவும் ஜாய்சனுக்கு இல்ல, தொபியாஸுக்கு. பட்டியல்ல மேல அவர் பேருதான் நின்னுது. நீல டிக் விழுந்ததைப் பாத்துப் பதறிப்போய் அழிச்சேன். 'எல்லாருக்கும் நீக்கு'ங்கிறதுக்குப் பதிலா 'எனக்கு மட்டும் நீக்கு'. இப்போ அது என் போன்ல மட்டும்தான் இல்ல.

6.30க்கு தொபியாஸ் போன். "ஞாயித்துக்கிழமை ரெண்டாம் பூசை முடிஞ்சு எட்டரைக்கு வாரோம் அண்ணாச்சி, வீட்ல இருங்க." வேறு வார்த்தை இல்லை. ஓலைக்குப் பெயர் கொடுப்பாரா மாட்டாரா, உறுதிப்படுத்த முடியவில்லை.

பனிமய மாதா உன் கப்பலுக்குக் காற்றையும் கடலையும் அடக்கித் தரட்டும். உன் அக்கா உன்னை நலம் கேட்டதாகச் சொல்லச் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் மச்சான் இஞ்ஞாசி

பி.கு. 8.15 மணி: ஜாய்சன் வந்து, விஜிலாவைப் போனில் பிடித்து என்னிடம் கொடுத்தான். "அவுக சஸ்பெண்ட் ஆனதை ஏப்ரல்லயே எங்கிட்ட சொல்லிட்டாவ மாமா. தெரிஞ்சுதான் சம்மதிச்சேன். வீட்டு ஆளுக மறைப்பாவளான்னு பாக்கத்தான் அப்பாவை உங்ககிட்ட கேக்கச் சொன்னேன்" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு, கல்யாணம் உறுதி. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவது என்னை விசாரிக்க. பிள்ளை கேள்வியையும் இப்போதே சொல்லிவிட்டாள்: "அந்த மிசினு எழுதித் தந்திருந்தா, நீங்க அனுப்பியிருப்பியளா மாமா?" பதில் ஞாயிறு காலை எட்டரைக்கு எதிர்பார்க்கப்படுகிறது.