பவளத்தின் நாற்பது நாள் கோபம்

அளவு விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. நம்புவதற்குக் காரணமும் இருந்தது. சித்தூரில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் தரம் பார்ப்பதுதான் என் வேலை. ஒரு சாண் நீளத்தில் குழாய் மாதிரி ஒரு மீட்டர். அதன் நுனிக் கண்ணாடியில் ஒரு சொட்டு கூழை வைத்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தால் உள்ளே ஓர் எண் தெரியும். அந்த எண்ணை நான் சொன்னால்தான் லாரி நகரும். (வீட்டில் ஃபேன் சுவிட்சைக்கூட என்னைக் கேட்காமல்தான் போடுவார்கள். அது வேறு கதை.)

அந்தக் காலத்தில்தான் ஒருநாள் பத்மா அக்கா வீட்டுக்குப் போனோம். என் மனைவி சுமதியோடு முன்பு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர். நகரிக்காரர், இப்போது திருப்பதியில் அலிபிரி போகிற வழியில் வீடு. அங்கே கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி, உள்ளே உயிருள்ள பவளம். தட்டு அகலத்துக்கு, காளான் வடிவத்தில், மேலெல்லாம் சின்னச் சின்ன விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்பது வருடத்துக்கு முன்பு கட்டைவிரல் அளவுத் துண்டாக வந்ததாம். நான் அரை மணி நேரம் காபியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு ஒரு துண்டு குடுங்கக்கா."

"குடுக்கிறன். ஆனா ஒண்ணு," என்றார் அக்கா. "என் தொட்டி என்னைக்காவது போச்சுன்னா, உன்கிட்ட வந்து ஒரு துண்டு வெட்டிக்கினு போவன். அதுக்குத்தான் பவளம் வளக்கிற நாங்க ஒருத்தருக்கொருத்தர் குடுத்து வச்சிக்கிறது. நீ காப்பாத்தி வைக்கணும்."

ஏதோ பிள்ளையைத் தத்துக் கொடுப்பது போலச் சொன்னார். நானும் பயபக்தியோடு தலையாட்டினேன்.

"மொதல்ல தண்ணி ரெடி பண்ணு. உப்பு முப்பத்தஞ்சு இருக்கணும். அதுக்கு மீட்டர் ஒண்ணு வாங்கிக்க."

"மீட்டர் என்கிட்டயே இருக்குதுக்கா."

இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அன்றைக்கு விழுங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

இருபத்தைந்து லிட்டர் தொட்டி வாங்கினேன். பவளத் தொட்டிக்கென்றே விற்கிற உப்புப் பாக்கெட்டை வரவழைத்து, அதில் போட்டிருந்தபடி முழுவதையும் கரைத்தேன். மீட்டரை எடுத்துப் பார்த்தேன். நாலு.

குழம்பிப் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். நாலு. கண்ணை மாற்றிப் பார்த்தேன். அதே நாலு. பாக்கெட்காரன் ஏமாற்றிவிட்டான் என்ற முடிவுக்கு வந்து, தெருமுனைக் கடைக்குப் போய்க் கல்லுப்பு வாங்கினேன். ஒரு கிலோ, அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று. நாலாவது நடையில் கடைக்காரர், "ஊரகாய பெட்தாரா சார்?" என்று கேட்டார். ஊறுகாய் போடுகிறேனாம். பவளத்தைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று சிரித்துவிட்டு வந்தேன்.

ஒன்பது கிலோ உள்ளே போனது. எண் இருபத்தெட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குமேல் போட்ட உப்பு கரையாமல் அடியில் மணல் மாதிரி படுத்துவிட்டது. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"இருபத்தெட்டு காட்டுதுக்கா."

"கம்மியா இருக்குதேப்பா. இன்னும் கொஞ்சம் போடு."

"போட்டுக்கினே இருக்கிறன். ஏற மாட்டேங்குது."

"பரவால்ல, வா. மெதுவா ஏத்திக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குப் போய், சின்னக் கல்லில் கட்டிய துண்டைப் பையில் தண்ணீரோடு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். கிளம்பும்போது அக்கா சொன்னார்: "புது எடம் இல்லியா, கோவிச்சிக்கும். சுருங்கி உக்காந்துக்கும். தொடாத. அதுவா தெறக்கிற வரைக்கும் உட்டுடு."

தொட்டியில் விட்டேன். அப்படியே சுருங்கியது. அக்கா சொன்னது எவ்வளவு சரி என்று பூரித்துப்போனேன்.

ஒரு வாரம் கோபம் தீரவில்லை. இரண்டு வாரமாயிற்று. தினமும் வேலைக்குப் போகும் முன் தொட்டியருகே குனிந்து நின்று சமாதானம் பேசினேன். தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் மோட்டார்மேல் வெள்ளையாக உப்புப் படிந்தது. ஆரோக்கியத்தின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

"இத்தினி நாளாச்சு, ஒரு வாட கூட வரலயே," என்றாள் சுமதி.

"பராமரிப்பு அப்படி," என்றேன்.

நாற்பதாவது நாள் பத்மா அக்கா கையில் மூடி போட்ட வாளியோடு வாசலில் நின்றார். முகம் வாடியிருந்தது. முந்தின வாரம் பரீட்சைப் பேப்பர் திருத்தப் போயிருந்தபோது பகல் முழுக்க கரண்ட் இல்லை. மே மாத வெயில். சாயங்காலம் வந்து பார்த்தால் தொட்டித் தண்ணீர் வெந்நீராகியிருந்தது. ஒன்பது வருடப் பவளம் போய்விட்டது.

"நல்லவேள உன்கிட்ட குடுத்து வச்சன்," என்றார்.

தொட்டிமுன் குனிந்தார். நிமிரவேயில்லை. பிறகு ஒரு விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்தார். முகம் போன போக்கைப் பார்த்து சுமதி சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"தம்பி, அந்த மீட்டர குடு."

கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எத அளக்குது?"

"மாங்கூழுல சர்க்கரைக்கா."

என் காதில் நானே சொன்னது திரும்ப விழுந்தது. சர்க்கரை. பாக்கெட் உப்பு காட்டிய அந்த நாலுதான் இந்த மீட்டரில் கடல்தண்ணீர் என்பது அப்போதுதான் உறைத்தது.

"இது கோவிச்சிக்கினு இல்லப்பா. வந்தன்னிக்கே செத்துப்போச்சு. உப்புல ஊறிக்கினு இருக்குது, அதான் வாட வரல."

நாற்பது நாள் நான் கொஞ்சியது ஓர் ஊறுகாயை. எனக்கு அழுகை வந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அக்கா காலி வாளியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

கடைசியில், "வேலூர்ல ஸ்டெல்லான்னு ஒருத்தி. காலேஜ்ல கூடப் படிச்சவ. அவகிட்ட ஒரு துண்டு குடுத்திருந்தன்," என்றார். "அவகூட பேசி மூணு வருஷமாச்சு. யார் மொதல்ல பேசறதுன்னு இருந்துட்டம்."

வாளியை நான் தூக்கிக்கொண்டேன். வேலூர் பஸ்ஸில் வழி நெடுக அக்கா புடவை முந்தானையைத் திருகிக்கொண்டே வந்தார். கதவைத் திறந்த ஸ்டெல்லா எங்களைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

"செத்துப்போச்சா?"

அக்கா தலையாட்டினார்.

"வா உள்ள. இது பெருசாகி எடமே இல்லன்னு நானும் யார்கிட்ட குடுக்கறதுன்னு பாத்துக்கினு இருக்கிறன்."

அப்புறம் இருவரும் இரண்டு மணி நேரம் பேசினார்கள். நான் வாளியோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். எனக்குத் துண்டு வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததும் நியாயம்தான்.

இப்போது எங்கள் வீட்டில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சுமதி பக்கத்தில் வந்து, மூக்கை உறிஞ்சி வாடை பார்த்துவிட்டு, "கோவமா, ஊறுகாயா?" என்று கேட்கிறாள். பெரும்பாலும் கேட்கப்படுகிறவன் நான். அவள் அக்கா மாதிரி என்னைத் தொட்ட விரலை நாக்குக்குக் கொண்டுபோவதற்குள் பேசிவிடுவேன்.