கருவாட்டை அள்ளவைத்த நாற்பத்து மூன்றாவது டெமோ

புதுப்பட்டினம்,
புதன்கிழமை, மதியம் இரண்டு மணி.

அன்பும், அதைவிட ஒரு படி கூடுதலாக மரியாதையும் நான் வைத்திருக்கும் ஜாக்குலின் அக்காவுக்கு,

உன் தங்கை ரூத் எழுதிக்கொள்வது. இங்கே நானும் இவரும் ஹெலனும் ஆண்டவர் கிருபையால் சுகம். மூன்று பேருக்கும் காது மட்டும் கொஞ்சம் சுகமில்லை. விழுப்புரத்தில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க ஜெபிக்கிறேன். மூன்று வாரமாக நீ அனுப்பிய எதற்கும் நான் பதில் போடவில்லை. ஹெலன் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தை நாலு தடவை கேட்டுவிட்டாய். அனுப்ப எனக்கு ஆசை இல்லையா? என் போன் என்னிடம் இல்லை அக்கா. அது அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. அதனால்தான் காலேஜ் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டில் மிச்சமிருந்த தாளைக் கிழித்து, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேனா பிடித்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே, ஹெலன் என் இடது முழங்காலில் தூங்குகிறாள்.

விஷயம் இதுதான். உன் தங்கை வீட்டுக்காரர் ராக் பேண்டு ஆரம்பித்துவிட்டார். ஆமாம், ஜெபசிங்தான். சர்ச்சில் கிடார் வாசித்துக்கொண்டு, ராத்திரி பகல் பாராமல் ஏசி ரிப்பேருக்குப் போய்க்கொண்டு அடக்கமாக இருந்த மனுஷன்தான். மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஏசியைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தபோது, கீழே புல்தரையில் யாரோ நாலு பேர் சனிக்கிழமைக் கச்சேரிக்கு ஒத்திகை பார்த்தார்களாம். இவர் அப்படியே கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்ன முதல் வார்த்தை, "ரூத்து, இன்னா அவுங்க பெருசா வாச்சிட்டாங்க? நம்மளால ஆவாதா?" நானும் ஏதோ நினைப்பில், "ஏன் ஆவாது, ஆவும்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அப்போது நான் ஹெலனுக்கு இட்லியை மசித்துக்கொண்டிருந்தேன் அக்கா, இதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார் என்று யார் கண்டது!

மறுநாளே ஆள் சேர்ந்துவிட்டது. டிரம்ஸ் ஜெகதீசன் அண்ணன். திருப்போரூர்ப் பக்கம் கல்யாண பேண்டு செட்டில் பன்னிரண்டு வருஷம் அடித்தவர், பகலில் குட்டியானை வண்டியில் காய்கறி லோடு அடிக்கிறார். நல்ல கை, அருமையான கை. ஆனால் அவருக்கு உட்கார்ந்து அடிக்க வராது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் அடித்தே பழகியவர், டிரம்மைக் கழுத்தில் மாட்டினால் கால் தானாக நடக்கிறது. போனில் எடுக்கிற மாதிரிப் பதிவுக்கு டெமோ என்று பெயர்; நாலாவது டெமோவில் பாட்டு பாதி போகும்போது டிரம்ஸ் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து, கேட்டைத் தாண்டி, தெருமுனை ரேஷன் கடைவரைக்கும் போய், திரும்பி வருகிறது. இவர் கிடாரை நிறுத்திவிட்டு, "மச்சான், எங்கடா போய்க்கினு கீற, பாட்டு இங்க கீது!" என்று கத்துவதும் அதில் பதிவாகியிருக்கிறது. இப்போது அவரை என் பழைய சேலையால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டித்தான் ரெக்கார்டு செய்கிறார்கள்.

பேஸ் கிடாரும் பாட்டும் திருவேங்கடம் அண்ணன். வீட்டுமனை விற்கிறவர். பேஸ் நன்றாகவே வாசிக்கிறார், பாடினால்தான் மைக்கில் பிளாட் விற்பது மாதிரி இருக்கிறது. எவ்வளவு சோகமான வரியானாலும் கடைசியில் 'பஸ் ஸ்டாண்டுக்கு அஞ்சே நிமிஷம்' என்று முடிப்பார் போலவே தோன்றும். அவர் பாடுவது மற்ற இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை, அவருக்கே பிடிக்கவில்லை, ஆனால் வேறு ஆள் இல்லை. மூன்று பேர் என்பதால் பேண்டுக்கு வைத்த பெயர் 'மூணாம் நம்பர் கூண்டு'. துறைமுகத்தில் புயலுக்கு ஏற்றுகிற கூண்டுதான். முதல் நாள் கேட்டபோது சிரித்தேன். இரண்டாம் நாள் சமைத்துக்கொண்டே அதை நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். நல்ல பெயர்தான், இல்லை?

ஒத்திகை எங்கே என்று கேட்கிறாயா? என் வீட்டு முன்னறையில்! ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தியாகிவிட்டது. அரிசி டிரம்முக்குள் என் போனைத் தொங்கவிட்டால் எக்கோ நன்றாக வருகிறது என்று கண்டுபிடித்து, இருபத்தைந்து கிலோ அரிசியைப் போர்வையில் கொட்டிவைத்திருக்கிறார்கள். ஹெலன் அதன் நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்து வாரி இறைக்கிறாள். மூக்கில் அரிசி போய்விடுமோ, காதில் போய்விடுமோ, சத்தத்தில் குழந்தைக்குக் காது கேட்காமல் போய்விடுமோ என்று நான் பஞ்சு வைத்து, துணி கட்டி, டாக்டரிடம் தூக்கிப்போய் அவரிடம் திட்டும் வாங்கி வந்தேன். "கொழந்தைக்கு ஒண்ணும் இல்லமா, நீங்க கொஞ்சம் தூங்குங்க" என்கிறார். அக்கா, இன்னொரு அநியாயம் கேள். திருவேங்கடம் அண்ணன் பேஸ் வாசித்தால்தான் ஹெலன் இப்போது தூங்குகிறாள். தாலாட்டு, தொட்டில், ஒன்றுக்கும் மசிவதில்லை. போன செவ்வாய்க்கிழமை காலையில் கத்திக் கத்தி நீலமாகிவிட்டாள்; பக்கத்து வீட்டுப் போனை வாங்கி, மனை காட்டப்போயிருந்த அந்த மனுஷனைக் கூப்பிட்டேன். மனை வாங்க வந்த பார்ட்டியை வெயிலில் நிறுத்திவைத்துவிட்டு, போனில் 'தும் தும் தும்' என்று வாயாலேயே வாசித்தார். மூன்று நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். அவருக்கு நான் எப்படிக் கைம்மாறு செய்வேன், அவரை வீட்டுக்குள் வராதே என்று எப்படிச் சொல்வேன்?

சரி, ஞாயிற்றுக்கிழமைக் கதைக்கு வருகிறேன். இவர் எழுதிய பாட்டுக்குப் பெயர் 'துரு'. உப்புக்காற்றில் கேட் துரு, பூட்டு துரு, சைக்கிள் துரு, சும்மா உட்கார்ந்திருந்தால் நானும் துரு என்று போகும். போன வியாழக்கிழமை அதன் நாற்பத்து மூன்றாவது டெமோ நடக்கும்போது திடீரென்று வானம் இருட்டிக்கொண்டது. ஹெலன் துணி முழுக்கக் கொடியில். நான் கையில் குழந்தையோடு சமையலறையிலிருந்து அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தேன். "மய வருது! மய வருது! மூணு பேரு கீறீங்களே, கை இல்ல? காயப்போட்டதையெல்லாம் எடுங்க!" அது சரியாக 'வானமும் துரு' என்கிற வரிக்குப் பின்னால், தாளத்தோடு போய் விழுந்துவிட்டது. மூன்று பேரும் பாதியில் நிறுத்தியிருக்க வேண்டாமா? நிறுத்தவில்லை. துணியும் நனைந்தது.

அந்த டெமோவை ஒரு பென் டிரைவில் ஏற்றிவைத்தார். சர்ச்சில் மைக் செட் பொறுப்பும் இவருடையதுதான், உனக்குத் தெரியுமே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் ஏழு மணிக்குக் குழாய் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவதற்கு இன்னொரு பென் டிரைவ். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய ஒரே கறுப்பு. சனிக்கிழமை சாயங்காலம் ஹெலன் வாயில் ஒன்று. நான் பதறி, பிடுங்கி, வெந்நீர்த் துணியால் துடைத்து, இவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டைப் பையில் போட்டேன். எது எது என்று நான் பார்க்கவில்லை அக்கா. பென் டிரைவின் மூடி குழந்தை வாயில் இருந்ததா விழுங்கிவிட்டாளா என்பதைத்தான் பார்த்தேன். இதை நான் இன்னும் இவரிடம் சொல்லவில்லை, உனக்கு மட்டும் சொல்கிறேன்.

ஞாயிறு காலை ஏழு மணி. நல்ல வெயில். கடற்கரையில் பெண்கள் கருவாடு பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். சர்ச் கோபுரத்து நாலு குழாயிலும் ஜெகதீசன் அண்ணன் டிரம்ஸ் இடி மாதிரி இறங்குகிறது. நான் ஹெலனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன், கை அப்படியே நின்றுவிட்டது. ஊர் முழுக்க நாய் குரைக்கிறது. பாஸ்டர் பல்லில் பிரஷ்ஷோடு வெளியே வந்தாராம். இவர் பாட்டைப் போட்டு ஆம்ப்ளிபயர் அறையைப் பூட்டிவிட்டு வந்தவர், இப்போது சாவியைக் காணாமல் தேடிக்கொண்டிருக்கிறார். பாட்டு 'வானமும் துரு'வுக்கு வந்தது. அப்புறம் புதுப்பட்டினம் முழுவதற்கும் என் குரல்! "மய வருது! மய வருது!" கருவாட்டுக்காரப் பெண்கள் வானத்தைப் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை, நாற்பது பேரும் சேலையைச் செருகிக்கொண்டு ஓடி, பரப்பினதையெல்லாம் கூடையில் வாரி, தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார்கள். மூடிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்களாம். ஒரு மேகம் கிடையாது.

அடுத்த ஐந்தாவது நிமிஷம் கன்னியம்மா அக்கா தலைமையில் என் வாசலில் கூட்டம். அவரைத் தெரியுமல்லவா, எனக்குப் பிரசவம் ஆனபோது பால் ஊறட்டும் என்று பால்சுறா மீன் கொண்டுவந்து கொடுத்தவர்.

"இன்னா ரூத்து, வானத்துல ஒரு பொட்டு மேகம் கீதா, காட்டு பாக்கலாம்! கோயிலு மைக்குல பொய் சொல்லலாமா நீ?"

"யக்கா, அது இன்னிக்கு சொன்னது இல்லக்கா. வியாயக்கெயம சொன்னது."

"வியாயக்கெயம மயைக்கு ஞாயித்துக்கெயம எதுக்குடி கத்துற?"

நான் அழுதுவிட்டேன். நான் அழ, ஹெலன் அழ, கன்னியம்மா அக்கா ஹெலனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி சரி வுடு. மறுபடி பரப்பிக்கிறோம். ஆனா ஒண்ணு சொல்றேன், அந்தப் பாட்டுல ஆம்பளைங்க கத்துனது ஒரு எய்வும் வெளங்கல. நீ கத்துனதுதான் சும்மா நச்சுனு இருந்துச்சு" என்றார். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அக்கா, அதற்குள் ஓடிவந்து வாசலில் நின்றிருந்த மூணாம் நம்பர் கூண்டு மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்களே ஒரு பார்வை, நான் ஹெலனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

திங்கட்கிழமை அதே டெமோவை ரிசார்ட் மேனேஜரிடம் கொடுத்தார்கள். நேற்று பதில் வந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணி, கடலைப் பார்த்த மேடை, மூன்று பாட்டு. ஒரே ஒரு நிபந்தனை: "அந்த லேடி சிங்கர் கட்டாயம் வரணும்."

"எந்த லேடி சிங்கர்?" என்று நான் கேட்டேன். மூன்று பேரும் என் பக்கம் கையைக் காட்டினார்கள்.

"தங்கச்சி, நான் பாடுறத வுட்டுர்றேன், எனக்கே பேஜாரா கீது" என்கிறார் திருவேங்கடம் அண்ணன். ஜெகதீசன் அண்ணன் நாற்காலியில் கட்டுண்டபடியே கும்பிடுகிறார். இவர் மட்டும் என் பக்கத்தில் வந்து, "நாப்பது பேர ஓட வச்ச கொரலு ரூத்து. அத்த வூட்டுக்குள்ளயே வச்சி துரு புடிக்க வுடுவியா?" என்கிறார். அவர் பாட்டை அவரே எனக்குச் சொல்கிறார் பார்!

அக்கா, உனக்குத் தெரியாததா? செங்கல்பட்டில் காலேஜ் ஆண்டு விழா. பேர் கூப்பிட்டு, மேடை ஏறி, மைக்கைப் பிடித்தும் பாட்டின் முதல் வரி வரவே இல்லை. எதிரே ஆயிரம் முகம். இறங்கி ஓடிவந்துவிட்டேன். என் கையைப் பிடித்து பஸ் ஏற்றிவிட்டது நீதான். அதற்கப்புறம் நான் சர்ச்சில் கூடக் கடைசி வரிசையில்தான் பாடுகிறேன். இப்போது போய் மேடையா? கடல்காற்றில் குழந்தைக்குச் சளி பிடிக்கும். ஆறு மணிக்குப் பால் கேட்பாள். சமையல் கிடக்கிறது. அதனால் தயவுசெய்து இவருக்கு ஒரு போன் போட்டு, 'பேண்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ரூத்தை விட்டுவிடுங்கள்' என்று கண்டிப்பாகச் சொல். உன் பேச்சு ஒன்றைத்தான் இவர் கேட்பார். நீ சொன்னால் டிரம்மில் அரிசி திரும்பி வரும், ஜன்னலில் வெளிச்சம் வரும், உன் தங்கைக்கு உயிர் வரும்.

அத்தானுக்கு என் மரியாதையைச் சொல். பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு முத்தம். கர்த்தர் உங்கள் வீட்டைச் சத்தமில்லாமல் காப்பாராக.

உன் பாசமுள்ள தங்கை,
ரூத்

பின்குறிப்பு: மேலே எழுதியது ஹெலன் தூங்கும்போது. எழுதி முடிக்கவும் எழுந்து அழுதாள். திருவேங்கடம் அண்ணன் வந்து பேஸ் எடுத்தார், நான் அவளைத் தட்டிக்கொண்டே சும்மா வாய்க்குள் 'கேட் துரு, பூட்டு துரு' என்று சொன்னேன். அப்புறம் மற்ற இரண்டு பேரும் வந்து சேர்ந்துகொண்டார்கள்; எப்படி என்று தெரியவில்லை அக்கா, சனிக்கிழமைக்கான மூன்று பாட்டும் முழுசாகப் பாடி முடித்திருக்கிறேன், மணி ஐந்தரை. ஒரு வரி மறக்கவில்லை! ஜெகதீசன் அண்ணனைக் கட்டக்கூட இல்லை, எழுந்து நடக்காமல் வாயைத் திறந்தபடி உட்கார்ந்தே அடித்தார். இவர் அழுதார், ஏசி தூசி என்கிறார். ஆகையால் இவருக்குப் போன் போடாதே. கடிதத்தை ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன், வெள்ளிக்கிழமை வந்துவிடும். நீ சனிக்கிழமை காலையிலேயே புறப்பட்டு வா, உன்னுடைய கறுப்புச் சேலையை எனக்கு எடுத்து வா, ஹெலனுக்குக் குல்லாய் ஒன்று வாங்கி வா. அவளைக் கன்னியம்மா அக்கா வைத்துக்கொள்கிறேன் என்கிறார். பேண்டுக்கு இப்போது பெயர் 'நாலாம் நம்பர் கூண்டு'. நீ முன்னால் நாற்காலியில் உட்காராதே. மேடைப் படிக்கட்டுக்குக் கீழே நில். நான் இறங்கி ஓடிவந்தால், அன்றைக்கு பஸ்ஸில் ஏற்றிவிட்டாயே, அதே மாதிரி கையைப் பிடித்துத் திரும்ப மேலே ஏற்றிவிடு.