முந்தானையில் ஏறிய பாடம்

ஆரணி,
11.7.1983

பட்டணத்துக் கல்லூரியில் சமூகப்பணிப் பேராசிரியையாக வீற்றிருந்து, ஆண் பெண் உடம்பைப் பற்றி ஊரே விழுங்கிவைத்த விஷயங்களைக் கூசாமல் பாடம் நடத்தும் என் அக்காள் மகள் சாவித்திரிக்கு, தாய்மாமன் ஜெயவேல் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை தேவகியும் இன்னும் உயிரோடு இருக்கிறோம். எப்படி என்பதுதான் இக்கடிதம்.

சொந்த ஊரில் ஒரு கூட்டமாவது நடத்திக் காட்டாவிட்டால் அடுத்த வருஷம் உன் பாடத்தையே எடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். உடனே பஜனை மடத்துச் சாவி வைத்திருக்கும் முருகேசனிடம் போய் மூன்றே முக்கால் மணி நேரம் முழங்கினேன். நம் ஊருக்குப் பக்கத்துத் திருமலைக் குன்றே ஓரடி நகர்ந்து உட்கார்ந்தது, முருகேசன் நகரவில்லை. "இன்னா ஜெயவேலு, வயசுப் பொண்ணுங்கள உக்கார வெச்சிகினு பேசற பேச்சா இது? பேஜாரு பண்ணாத, போ" என்றுவிட்டான்.

இதற்கு நடுவில் ஒரு விபரீதம். பொங்கலுக்கு நீ விட்டுப்போன கர்ப்பப்பைப் படத்தை என் பட்டுப்புடவை டிசைன் காகிதங்களோடு பரண்மேல் சொருகியவன் நான்தான். சித்திரையில் நம் தறிக்காரன் தனகோடி புது டிசைன் கேட்டான், சுருளோடு எடுத்துப்போ என்றேன். அவன் கண்ணுக்கு அது நடுவில் ஒரு தாமரை மொட்டு, இருபக்கமும் வளைந்த கொடி, கொடிக்கு ஒரு மாங்காய். ஓரத்து இங்கிலீஷ் எழுத்தை மட்டும் ஜரிகை வீண் என்று விட்டுவிட்டு, கட்டக் காகிதத்தில் கிராப் போட்டு, தறிக்கு அட்டை குத்தி, அரக்கு நிறப் பாவு நூலில் முந்தானை முழுக்க இறக்கிவிட்டான். ஒரு பாவுக்கு மூன்று புடவை. இரண்டுக்குப் போளூர் வியாபாரிகள் மல்யுத்தமே நடத்தினார்கள். மூன்றாவதை முருகேசனே வாங்கி, மகள் நிச்சயதார்த்தத்துக்கு அவளையே கட்டவைத்துவிட்டான்!

சபை நிறைந்த நேரம். ஆரணியில் உனக்கிருக்கும் ஒரே மாணவியான உன் அத்தை, முந்தானையில் விரலை வைத்தாள். "இது மாங்கா இல்லடி, முட்டப்பை" என்றாள். நான் நழுவிவிடச் செருப்பைத் தேடினேன். ஆனால் ஒருத்தியும் சிரிக்கவில்லை சாவித்திரி. முருகேசன் பெண்சாதி கன்னியம்மாள் அந்த முந்தானையை மடியில் விரித்துக்கொண்டு, "நாலு பெத்தேன். உள்ள இப்டி ஒண்ணு கீதுன்னு இன்னிய வரைக்கும் ஒர்த்தரும் சொல்லலியே தேவகி. அப்பால? கொழந்த எங்க தங்குது?" என்று கேட்டாள். தாம்பூலம் மாற்றக் கூப்பிட்டும் அரைமணி நேரம் ஒருத்தியும் எழவில்லை, கல்யாணப் பெண் உட்பட. கடைசியில் கன்னியம்மாள் புருஷனிடம் கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க." முருகேசன் அவ்வளவு ஜல்தியாக எதையும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஆகவே 24ஆம் தேதி ஞாயிறு, காலை பத்து மணி, பெண்களுக்கு மட்டும். ஆம்பிளை வாடையே அண்டாமல் வாசலில் நானே தடியோடு நிற்பேன். சாயங்கால பஸ்ஸில் உன்னை ஏற்றியும் விடுவேன். உன் பாடம் நீடிக்கவும், பேசிப் பேசித் தொண்டை கட்டாமலிருக்கவும் மனமார ஆசீர்வதிக்கும்,

மாமன் ஜெயவேல்

பி.கு.: உறையை ஒட்டும் நேரம் முருகேசன் பின்வாசல் வழியாக வந்தான். "அவளுங்க மட்டும் தெரிஞ்சிகினா வூட்ல நாம எப்டிப்பா பேசறது?" என்கிறான். சாயங்காலம் ஆம்பிளைகளுக்கும் ஒரு கூட்டம் வேண்டுமாம். பதினேழு பேர் பெயர் கொடுத்தாயிற்று. எனவே தடி ரத்து, சாயங்கால பஸ்ஸும் ரத்து. திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வா. பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று மட்டும் உன் அத்தையிடம் சொல்லிவிடாதே.